"தெரியாத இலக்கம்" என்று சொல்ல அவசரப்படும் போன்

போன் அடிக்கும்போது யார் எடுக்கினம் என்று சத்தமாகச் சொல்லும் ஏற்பாடு இப்ப எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளில் இருக்கு. கண்ணில் புரை விழுந்து சத்திரசிகிச்சைக்குத் திகதி பார்த்துக்கொண்டிருக்கிற அம்மம்மாக்கள், திரையில் உள்ள சின்ன எழுத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாத அப்பப்பாக்கள், பார்வை இல்லாத எங்கட வகுப்பு நண்பர்கள் என்று அதைப் பாவிக்கிற ஆக்கள் பலவிதம். பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த பேரன் ஒருத்தன் ஒரு பின்னேரம் இருந்து அதைப் பூட்டிவிட்டுப் பிளேன் ஏறியிருப்பான். "சொல்லுதா?" "ஓம், சொல்லுது." பரிசோதனை அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் அது "தெரியாத இலக்கம்" என்று சொல்லும். எடுத்தது சொந்த மகளாக இருக்கும்.

தெரியாத இலக்கங்களை எடுக்காதேங்கோ என்று அந்த அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான், இளம் ஆக்கள்தான். வங்கியில் இருந்து கதைக்கிறம், பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கோ என்று வருகிற கோல்களுக்குப் பயந்து சொன்னது. அவவும் கேட்டு நடக்கிறா. எடுக்காமல் விடுகிறா. மூன்று தரம் எடுத்தும் பதில் இல்லை என்றவுடன் ரொறன்ரோவில் இருக்கிற மகள் பக்கத்து வீட்டுக்கு எடுக்கிறா, பக்கத்து வீட்டு அண்ணை ரோச் லைற்றும் கையுமாக வந்து கேற்றைத் தட்டுறார். இதை ஒரு பகிடியாகச் சொல்லிச் சிரிக்கலாம். ஒருக்கா நடந்தால் பகிடிதான்.

இந்த ஏற்பாடு பிழைக்கிறதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். போன் பழசு, கவரேஜ் இல்லை, அம்மம்மா எதையோ அமத்திவிட்டா. எங்கட அனுபவத்தில் முக்கால்வாசிப் பிரச்சினை நேரப் பிரச்சினை. மென்பொருள் பேசத் தொடங்கும் கணத்தில் அதன் கையில் இலக்கமே வந்திருக்காது. கையில் இல்லாததை "தெரியாதது" என்று அது அறிவிக்கிறது. இரண்டும் ஒன்றில்லை என்பதை விளங்கிக்கொள்ளக் கணினி விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. கலைப்பீடத்தில் தர்க்கம் ஒரு பாடமாக எடுத்தாலே காணும்.

நடக்கிறது இதுதான். அன்ட்ரொயிட் போனுக்கு ஒரு கோல் வந்தால், போன் உள்ளுக்குள் இருக்கிற செயலிகளுக்கு "மணி அடிக்குது" என்று ஓர் அறிவிப்பு விடும். எங்கட ஸ்கிரிப்ட் அந்த அறிவிப்புக்காகக் காது வைத்திருக்கும். அன்ட்ரொயிட்டின் அண்மைய பதிப்புகளில், அழைப்புப் பதிவைப் பார்க்க அனுமதி பெற்ற செயலிக்கு இந்த அறிவிப்பு ஒரே கோலுக்கு இரண்டு தரம் வரும். ஒன்றில் இலக்கம் இருக்கும். மற்றதில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். எது முதலில் வரும் என்று உறுதியாக எடுக்க வேண்டாம் என்று அன்ட்ரொயிட்டின் ஆவணமே எழுதி வைத்திருக்கு. ஒழிவுமறைவு ஒன்றும் இல்லை. அதை வாசிக்கிற ஆக்கள்தான் குறைவு.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்த ஸ்கிரிப்ட்களில் பல, முதல் அறிவிப்பு வந்த உடனேயே ஓடத் தொடங்குகின்றன. வெறுமையான அறிவிப்பு முதலில் வந்துவிட்டால் தேடுகிறதற்கு இலக்கம் இல்லை, ஆகவே பெயர் இல்லை, ஆகவே "தெரியாத இலக்கம்". அரைச் செக்கனுக்குள் இரண்டாவது அறிவிப்பு உண்மையான இலக்கத்தோடு வந்து சேரும். ஆனால் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது. சில நாள் சரியான அறிவிப்பு முந்தும், சில நாள் பிந்தும். அதனால்தான் "நேற்று வேலை செய்தது, இண்டைக்கு இல்லை" என்று வீட்டில் முறைப்பாடு வருகிறது. பேரன் ரெஸ்ற் பண்ணின பின்னேரம் அது நல்ல பிள்ளையாக இருந்திருக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கு. சில ஸ்கிரிப்ட்கள் இலக்கத்தை ஒரு பெட்டியில் போட்டு வைக்கும். கோல் முடிந்த பிறகு பெட்டியை வெறுமையாக்காது. அடுத்த கோலின் வெற்று அறிவிப்பு வரும்போது பெட்டியில் கிடப்பது முந்தின கோலின் இலக்கம். காலையில் மகள் எடுத்திருந்தால், மத்தியானம் யாரோ ஒரு மோசடிக்காரன் எடுக்கும்போது போன் மகளின் பெயரைச் சொல்லும். அம்மம்மா "ஓம் பிள்ளை" என்று எடுப்பா. பெயர் சொல்லாத போனைவிட, கள்ளனுக்கு மகளின் பெயர் வைக்கிற போன் எவ்வளவு ஆபத்து என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. கைவிரல் ரேகையும் கடவுச்சொல்லும் வைத்து வங்கிச் செயலிகளைப் பூட்டி வைத்திருக்கிறோம். வயதான ஒருவரின் நம்பிக்கைக்கு இருக்கிற பூட்டு அந்தக் குரல் மட்டும்தான்.

இது புதுப் பிரச்சினையுமில்லை. வீட்டுக் கம்பிப் போன் காலத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் பெல் நிறுவனங்கள் கொண்டுவந்த முறையில், அழைப்பவரின் இலக்கம் முதலாவது மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையிலுள்ள அமைதியில் வரும். இரண்டு செக்கன் மணி, நாலு செக்கன் அமைதி. அந்த நாலு செக்கனுக்குள், செக்கனுக்கு 1200 பிற்று வேகத்தில், திகதி, நேரம், இலக்கம் எல்லாம் கம்பி வழியே ஒரு சின்னக் கீச்சுச் சத்தமாக வந்து சேரும். பிரித்தானியாவில் வேறு மாதிரி. அங்கே மணி அடிக்க முதலே கம்பியின் மின்முனைகள் மாறி, இலக்கம் முந்தி வந்துவிடும். கணினியில் மோடத்தைப் பூட்டி யார் எடுக்கினம் என்று பார்த்த காலத்தில், முதல் மணியிலேயே ஓடின ஸ்கிரிப்ட்களுக்கு அமெரிக்கக் கம்பியில் இலக்கம் கிடைக்காது. இரண்டாவது மணி வரை பொறுத்தால் கிடைக்கும். அஸ்ரரிஸ்க் என்ற திறந்த மூலத் தொலைபேசிப் பரிவர்த்தனை மென்பொருளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கு: இலக்கம் மணியோடு தொடங்குதா, மின்முனை மாற்றத்தோடு தொடங்குதா என்று நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாட்டுக்குப் பொருந்தாத அமைப்பைப் போட்டால் எல்லாக் கோலும் பெயரில்லாமலே வரும்.

அதாவது அந்தப் பழைய முறையில் பொறுமை மணியின் தாளத்துக்குள்ளேயே இருந்தது. முதல் மணி ஆளைக் கூப்பிடும், பிறகு ஓர் இடைவெளி, அதற்குள் பெயர். இப்போது எங்கட போன்களில் மணிக்குப் பதில் சினிமாப் பாட்டு இடைவிடாமல் ஓடுகிறது. அதற்கு மேலால் ஒரு குரல் பெயர் சொல்லப் பார்க்கிறது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறவவுக்கு என்ன கேட்கும்?

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறோம். குடாநாட்டில் "யார் எடுக்கினம்" என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. போர்க்காலத்தில் தொலைபேசித் தொடர்பு நீண்டகாலம் அறுந்து கிடந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோடு கதைக்க வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருந்த காலத்தைப் பற்றி எங்கட பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு கொமியூனிகேசன் கடைகள். கடைக்காரர் ஆள் அனுப்பி, "உங்களுக்கு லண்டனில இருந்து கோல், பத்து மணிக்குத் திரும்ப எடுக்கினமாம்" என்று சொல்லிவிடுவார். போன் அடிக்க முதலே பெயர் வீட்டுக்கு வந்துவிடும், சைக்கிளில். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் கைத்தொலைபேசி இங்கே பரவியது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வந்த காலத்தில் அந்தச் சேவையும் இடைக்கிடை நின்றது. பிறகு வீட்டுக்கு வீடு அன்ரனா வைத்த சிடிஎம்ஏ போன். அதன் சின்னத் திரையில் இலக்கம் விழும், பெயரை நினைவில் இருந்துதான் எடுக்க வேண்டும். அம்மம்மாக்களில் சிலர் இன்னமும் கடைசி நாலு இலக்கத்தை வைத்தே ஆளைச் சொல்லுவினம். அப்படிப்பட்டவர்களிடம் போய் "தெரியாத இலக்கம்" என்று ஒரு பொய்யைச் சொல்லுகிற கருவியைக் கொடுத்திருக்கிறோம்.

சரி, திருத்துகிறது எப்படி? முதலில், உங்கட போனில் உள்ளேயே இந்த வசதி இருக்கா என்று பாருங்கோ. ஐபோனில் அழைப்பை அறிவிக்கும் அமைப்பு இருக்கு. கூகிளின் போன் செயலியிலும் இருக்கு. அது போதுமான ஆக்களுக்கு ஸ்கிரிப்ட் தேவையில்லை. ஐபோனில் என்றால் வெளி ஸ்கிரிப்ட் வைத்து இதைச் செய்யவும் விடமாட்டார்கள். ஆனால் போனின் மொழி ஆங்கிலத்தில் இருக்க, பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்க, குரல் தடுமாறுகிற இடத்தில்தான் சனம் ஸ்கிரிப்ட் பக்கம் வருகிறது.

ஸ்கிரிப்ட் என்றால், முதல் வேலை நேரத்தை எழுதி வைக்கச் சொல்வது. மணி அறிவிப்பு வந்த நேரம், இலக்கம் வந்த நேரம், பெயர் கிடைத்த நேரம், குரல் தொடங்கிய நேரம். நாலு வரி. ஒரு கிழமைக்கு அப்படியே ஓட விடுங்கோ. எங்களிடம் உதவி கேட்ட ஒரு வீட்டில் இதைச் செய்து பார்த்தபோது, இலக்கம் பிந்துவதைவிட குரல் பிந்துவதுதான் கூட என்று தெரிந்தது. பேச்சு இயந்திரம் நித்திரையில் இருந்து எழும்பி வரவே நேரம் எடுக்கிறது. நாளின் முதல் கோலுக்குத்தான் இது கூடுதலாக நடக்கும், அடுத்தடுத்த கோல்களுக்கு வேகமாகச் சொல்லும். தமிழ்க் குரலைப் போனுக்குள் தரவிறக்கி வைக்காவிட்டால் அது இணையம் தேடிப் போகும். டேட்டா முடிந்த அன்று ஊமை. இந்தக் காரணத்தைப் பதிவு இல்லாமல் ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கவரேஜில்தான் பழி விழுந்திருக்கும்.

இரவில் பேசாமல் பகலில் மட்டும் பேசுகிற போன்களுக்கு வேறு காரணம். விலை குறைந்த போன்கள் பல, பற்றரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று, பின்னால் ஓடுகிற செயலிகளைச் சாகடித்துவிடும். பற்றரி அமைப்புக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் அது சில வேளை பழையபடி மாறிவிடும். திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

இலக்கம் வந்தும் பெயர் வராத வீடுகளும் உண்டு. அங்கே போன் புத்தகத்தைத் திறந்து பாருங்கோ. சேமித்திருப்பது பூச்சியத்தில் தொடங்கும். வருவது +94 இல் தொடங்கும். ஸ்கிரிப்ட் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஒருக்காலும் பொருந்தாது. இலங்கை இலக்கம் என்றால் கடைசி ஒன்பதை மட்டும் ஒப்பிட்டால் சரி. வீட்டுப் போனின் 021 உம் அப்படியே அடங்கும்.

பெயர்கள் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். நாங்கள் பார்த்த ஒரு போனில் பேரனின் போன் புத்தகத்தை அப்படியே அம்மம்மாவின் போனுக்கு ஏற்றியிருந்தது. ஆகவே அவவின் சொந்த மகள் எடுக்கும்போது குரல் "பெரியம்மா கனடா" என்றது, மருமகள் எடுக்கும்போது "மாமி". முறை எல்லாம் பேரனின் கண்ணால். அதைவிட, பெயர்களை ஆங்கில எழுத்தில் சேமித்திருந்தால் தமிழ்க் குரல் குஞ்சியம்மாவைக் கொன்று போட்டுத்தான் வெளியே விடும். தமிழ் எழுத்தில் சேமித்து, ஆங்கிலக் குரலிடம் கொடுத்தால் அது ஒன்றுமே சொல்லாமல் கடந்துவிடலாம். அம்மம்மாவோடு பக்கத்தில் இருந்து, "இவவை நீங்கள் என்னெண்டு கூப்பிடுவீங்கள்" என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் தமிழில் எழுதுங்கோ. ஒரு மணித்தியாலம் போகும். எங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தில் கிடைத்த குடும்பக் கதைகள் ஒரு பருவத்துக்குக் காணும்.

இனி நேரத்துக்கு வருவோம். வெற்று அறிவிப்பைக் கண்டால் ஸ்கிரிப்ட் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இலக்கம் உள்ள அறிவிப்பு வந்தால் மட்டும் தேட வேண்டும். கோல் முடிந்தவுடன் பெட்டியை வெறுமையாக்க வேண்டும். இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். சண்டை வருவது அடுத்த இடத்தில்: இலக்கத்தை மறைத்து எடுக்கிறவர்களுக்கு அந்த அறிவிப்பு இலக்கத்தோடு வரவே வராது. அப்ப எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு "வராது" என்று முடிவு செய்வது? ஒரு செக்கனா, மூன்றா? மெதுவான போனில் மூன்றும் காணாது. வேகமான போனில் ஒன்றே கூட. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு வீட்டில் பிழைக்கும்.

எங்கட நிலைப்பாடு, முடிவே செய்ய வேண்டாம் என்பது. "தெரியாத இலக்கம்" என்ற வசனத்தையே ஸ்கிரிப்டில் இருந்து அழித்துவிடுங்கோ. பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் வெறும் மணி. அழித்தவுடன் அந்தக் காத்திருப்பு எண்ணைத் தேடும் வேலையும் போய்விடுகிறது, ஏனென்றால் காத்திருந்து சொல்ல ஒன்றும் இல்லை.

இதற்கு எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. பார்வை இல்லாத நண்பர் ஒருவர் கேட்டார்: "பேசாமல் இருந்தால் அது தெரியாத ஆளா, இல்லாட்டி செயலி செத்துப்போச்சா எண்டு நான் எப்பிடி அறியிறது?" நியாயமான கேள்வி. கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் திரை இருக்கு, அவருக்குக் குரல் மட்டும்தான். அதனால் ஒரு திருத்தம் செய்தோம். இலக்கம் உண்மையில் வந்து, புத்தகத்தில் தேடி, இல்லை என்று தெரிந்தால் மட்டும் ஒரு சின்ன "டிங்". இலக்கமே வராவிட்டால் ஒன்றும் இல்லை. "டிங்" என்றால் தேடிப் பார்த்தேன், இல்லை என்று பொருள். அது ஒரு தகவல். "தெரியாத இலக்கம்" என்ற வசனம் ஒரு தீர்ப்புப் போல ஒலிக்கிறது. தீர்ப்பைக் கேட்டவர் போனை எடுக்கமாட்டார். எடுக்காமல் விட்டது வாட்டில் இருந்து எடுத்த தாதியாக இருக்கலாம், ஒழுங்கை தெரியாமல் சந்தியில் நிற்கிற அம்புலன்ஸ்காரராக இருக்கலாம், காஸ் சிலிண்டர் வந்திட்டுது என்று சொல்ல எடுத்த கடைப் பெடியனாக இருக்கலாம்.

மணிச் சத்தத்துக்கும் குரலுக்கும் இடையிலான அடிபிடிக்குப் பழைய பெல் முறையே வழி காட்டியது. சினிமாப் பாட்டைத் தூக்கிவிட்டு, இரண்டு செக்கன் மணியும் நாலு செக்கன் அமைதியும் உள்ள ஒரு ஒலிக்கோப்பைச் செய்து அதை மணியாகப் போட்டோம். ஒலி வெட்டுகிற எந்த இலவசச் செயலியிலும் அஞ்சு நிமிச வேலை. ஸ்கிரிப்ட் மணி தொடங்கி இரண்டரைச் செக்கன் பொறுத்துவிட்டுப் பெயரைச் சொல்லும். ஆறு செக்கனுக்கு ஒருக்காத் திரும்பவும் சொல்லும். அந்த இரண்டரைச் செக்கனுக்குள் இலக்கமும் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும், நித்திரை கொண்ட குரலும் எழும்பிவிடும். வேகமாகச் சொல்ல வைக்கத் தலையை உடைத்த பிரச்சினை, மெதுவாகச் சொல்ல வைத்தபோது முடிந்தது. முதல் மணிக்கே பெயர் வேண்டும் என்று கேட்பது நாங்கள்தான், இளம் ஆக்கள். அம்மம்மா கதிரையை விட்டு எழும்பவே இரண்டு மணி போகும்.

"இவ்வளவு கஷ்டப்படுகிறதுக்கு ட்ரூகோலரைப் போட்டுவிடலாமே" என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்கிறார்கள். 2009 இல் சுவீடனில் தொடங்கிய நிறுவனம், கோடிக்கணக்கான ஆக்கள் பாவிக்கிறார்கள், தெரியாத இலக்கத்துக்கும் பெயர் காட்டும். மோசடி இலக்கங்களைப் பலர் சேர்ந்து அடையாளப்படுத்துவதில் பிரயோசனம் இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் அது காட்டுகிற பெயர் சனம் கூடித் திரட்டின பெயர். உங்களை யாரோ எப்படிக் குறித்தார்களோ அப்படி நீங்கள் வேறொருவர் திரையில் விழலாம். அது ஓர் ஊருக்குத் தெரிந்த பெயரைச் சொல்லும், "குஞ்சியம்மா" என்று சொல்லாது. ஒரு வீட்டுக்குத் தேவையானது நாற்பது ஐம்பது பெயர். அவ்வளவும் அந்த வீட்டிலேயே இருக்கு.

பெயரும் இலக்கமும் சேர்ந்த ஒரு பட்டியல் யார் கையில் இருக்கு என்ற கேள்வியை எங்கட ஊரில் இலேசாக எடுக்க முடியாது. பதிவுகளுக்கும் பட்டியல்களுக்கும் பயந்து வாழ்ந்த ஒரு தலைமுறை இன்னமும் வீட்டுக்குள் இருக்கு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியாள் தன் வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் விபரங்களைத் தொடுவதில்லை. உங்கட போன் புத்தகம் உங்கட விசயம். அதே புத்தகம் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் போய்ச் சேர்ந்தால் அதற்குள் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனி உரிமையாளர்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை, அழைப்பவர் அடையாளம் முதன்முதலில் வந்தபோது சண்டை மறுபக்கத்தில் இருந்தது. 1990 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அழைப்பவரின் இலக்கத்தைக் காட்டுவது அவரின் அந்தரங்கத்தை மீறுகிறது, ஒட்டுக்கேட்டல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1992 இல் மாநில உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்று எடுக்கிறவரைப் பாதுகாக்க நின்றார்கள். இன்று இலக்கத்தை மறைத்து எடுத்தால் கள்ளன் என்கிறோம்.

இந்தியாவில் வேறு வழியில் போகப் பார்க்கிறார்கள். 2024 பெப்ரவரியில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணையம், சிம் வாங்கும்போது பதிந்த பெயரை வலையமைப்பே அழைப்போடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கேயும் அது வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க முதல் ஒரு விசயத்தை யோசிக்க வேண்டும்: எங்கட வீடுகளில் எத்தனை சிம், பாவிக்கிறவரின் பெயரில் இருக்கு? அப்பாவின் பெயரில் எடுத்த சிம்மில் மகள் கதைக்கிறா, தம்பியின் பெயரில் எடுத்ததில் அம்மா. வலையமைப்பு காட்டுகிற பெயர் சட்டப்படி சரியாகவும் வீட்டுக்குப் பிழையாகவும் இருக்கும். அது எந்த எழுத்தில் வரும் என்பது அடுத்த கேள்வி. தமிழ்ப் பெயர்கள் அரச படிவங்களில் ஆங்கில எழுத்துக்குப் போய்த் திரும்பி வருகிற கோலம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் அரச அலுவலகங்களும் தங்கட கோல்களுக்கு மட்டும் தமிழ் எழுத்தில் பெயர் காட்டினால் முதலில் அதைக் கை நீட்டி வாங்குவோம். தனியாட்களின் பெயரைத் தொடத் தேவையில்லை.

எந்த ஸ்கிரிப்டாலும் திருத்த முடியாத ஒன்றும் மிச்சம் இருக்கு. வெளிநாட்டில் இருந்து மலிவு அட்டைகளாலும் செயலிகளாலும் எடுக்கும்போது கோல் எங்கெங்கோ சுற்றி வரும். வழியில் இலக்கம் தொலைந்து போகலாம். சில வேளை உள்ளூர் சிம்களை அடுக்கிய ஒரு பெட்டிக்குள்ளால் திருட்டு வழியில் உள்ளே விடுவார்கள், அப்ப மார்க்கத்தில் இருந்து எடுத்த மகளுக்கு முன்பின் தெரியாத ஓர் உள்ளூர்க் கைபேசி இலக்கம் விழும். போனுக்கு வந்ததே பிழையான இலக்கம் என்றால், எவ்வளவு நேரம் பொறுத்தும் பயன் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லி வட்சப்பில் எடுக்கச் சொல்லலாம், பலரும் அதற்கு மாறியும் விட்டார்கள். ஆனால் வட்சப் கோல் போனின் மணி அறிவிப்புக்குள்ளால் வருவதில்லை, திரை அறிவித்தலாகத்தான் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும். அந்த அறிவித்தல் ஒரே கோலுக்குள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தரமும் ஸ்கிரிப்ட் புதுக் கோல் என்று நினைத்துப் பெயரை அடுக்கிச் சொல்லும். ஒரே பெயர் ஐந்து செக்கனுக்குள் திரும்ப வந்தால் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்து இப்போதைக்குச் சமாளிக்கிறோம்.

பெயர் வராத கோல்களுக்கு உரும்பிராயில் ஒரு அம்மம்மா வைத்திருக்கிற முறையை நாங்கள் இப்ப எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிறோம். அவ எடுப்பா, "ஹலோ" சொல்லமாட்டா. காதில் வைத்துக்கொண்டு அங்கால குரல் வரும்வரை பேசாமல் இருப்பா. மகள் என்றால் "அம்மா" என்று வரும். வேற ஆள் என்றால் அவைதான் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும்.